வேர்க்காத உடம்பு

...ஈரம் இன்னும் இருக்குமா, காலேஜ் குழாயடியில் நனைத்துப் பிழிந்து அவள் முதுகில் விரித்துவிட்ட துண்டு, அதன் மேல் குளிருக்குப் போடுகிற அந்த நீல ஜாக்கெட், ஊரே அட்டையாலும் பேப்பராலும் விசிறிக்கொண்டு நிற்கிற மே மாதத்தில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போகிற ஒரே பெண், பார்த்தவர்கள் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும், காய்ச்சல் வராமல் இருக்கத்தான் இந்தக் கோலம் என்று யார் யாரிடம் போய்ச் சொல்வது... ஜெயலட்சுமி எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மாடி ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கிற தெரு. உள்ளே சி.இ.டி. பரீட்சை, ரெண்டாம் நாள், மத்தியானம் கெமிஸ்ட்ரி, இதோடு எல்லாம் முடிந்தது, தர்ஷினி எந்தக் காலேஜுக்குப் போவாள் என்பது இந்த ரெண்டு நாளில் இருக்கிறது. எந்த ஜன்னல் அவளுடையது? இடப்பக்கம் மூன்றாவதாக இருக்கலாம், அங்கே மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, சுற்றட்டும், சுற்றிக்கொண்டே இருக்கட்டும். துண்டில் ஈரம் இருந்து, மேலே காற்றும் இருந்தால் அவளுக்குப் போதும். மற்றப் பிள்ளைகளுக்கு உடம்பே அந்த வேலையைச் செய்துகொள்கிறது, சூடு ஏறினால் வேர்க்கிறது, வேர்த்தால் ஆறுகிறது, யாரும் அதை ஒரு வரம் என்று நினைப்பதில்லை, சீ என்று துடைத்துப் போடுகிறார்கள். என் பெண்ணுக்கு மட்டும் அந்த ஒரு சொட்டு கிடையாது. பிறந்ததிலிருந்து வேர்வை என்பதே கிடையாது.

வேலூரில் அது தெரியவே ஒரு வருஷம் ஆயிற்று, சித்திரை மாதத்துக் குழந்தைக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுத்தால் இறங்காத காய்ச்சல், ஈரத்துணி போட்டால் உடனே இறங்குகிற காய்ச்சல், மாமியார் மாரியம்மன் கோவிலுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார், கணவர் ஸ்ரீகண்டன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைந்தார், கடைசியில் ஒரு பெரிய டாக்டர் குழந்தையின் நெற்றியைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, இந்தத் தோலில் வேர்வைச் சுரப்பியே வேலை செய்யவில்லையம்மா, மருந்து எதுவும் இல்லை, முடிந்தால் குளிர்ச்சியான ஊருக்குப் போய்விடுங்கள் என்றார். எவ்வளவு லேசாகச் சொன்னார்! ஏதோ வலது பக்கம் திரும்பிப் போங்கள் என்கிற மாதிரி. அதற்கப்புறம் நாலு கோடை வேலூரில் எப்படிக் கழிந்தது என்று அவளுக்கே தெரியாது, பங்குனியிலிருந்து ஆவணி வரை பிள்ளை வீட்டுக்குள்ளேயே, அண்டாத் தண்ணீருக்குள்ளேயே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் விளையாடுகிற பிள்ளைகளைப் பார்த்தபடி... தொண்ணூற்றொன்றில்தான் ஸ்ரீகண்டனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, ஜெனரேட்டர் மெக்கானிக். பொம்மனஹள்ளியில் கோவிந்தப்பா வீட்டு மாடியில் குடி வந்தார்கள். வந்த அன்றைக்கு ஸ்ரீகண்டன் கூரையைப் பார்த்துவிட்டு, என்னங்க, ஃபேன் மாட்டக் கொக்கியே இல்லையே என்று கேட்டதற்கு அந்தப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஃபேனா? இந்த ஊர்ல எதுக்கு சாமி ஃபேனு? கம்பளி இருக்கா, அதைச் சொல்லு மொதல்ல." ஜூன் மாதம், மேலே மேகம், தெருவில் சாமந்தி வண்டி போன ஈரத் தடம். மத்தியானம் ரெண்டு மணிக்கு தர்ஷினி செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கித் தெருவில் ஓடினாள். ஐந்து வயதில் அவள் வெயில் நேரத்தில் ஓடின முதல் ஓட்டம். ஜெயலட்சுமி பின்னாலேயே சொம்புத் தண்ணீரோடு ஓடினாள், தெருமுனை வரைக்கும் ஓடிப் பிடித்துப் பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தால்... சில்லென்று இருந்தது. அந்தச் சில்லிப்பு இன்னும் கையில் இருக்கிறது. அந்த வருஷக் கடைசியிலேயே காவிரிக் கலவரம் வந்தது, தமிழ்க்காரர்கள் வீட்டைப் பார்த்துக் கல் எறிந்தார்கள், கோவிந்தப்பா கீழே நாற்காலி போட்டு வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டார், ஊரிலிருந்து மாமனார் ஆளனுப்பினார், வந்துவிடுங்கள் என்று. எப்படிப் போவது? உயிர் போய்விடும் என்று பயமாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே போனாலும் உயிர்தானே போகும், நம்முடையது இல்லை, பிள்ளையின் உயிர். இருந்துவிட்டார்கள்.

நடைபாதையில் மரம் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது. தெருவை அகலப்படுத்தியபோது வெட்டியிருப்பார்கள், பொம்மனஹள்ளியிலும் அப்படித்தான், ஓசூர் ரோட்டில் இருந்த மரமெல்லாம் ஒவ்வொன்றாகப் போயிற்று, கார் போக வேண்டுமே, போகட்டும், யார் வேண்டாம் என்றார்கள், அவளும்தான் காரில் போகிறாள், பழைய மாருதி, ஏசி வைத்தது, தர்ஷினிக்காக வாங்கினது. தெரு முழுக்க இப்போது கார்கள்தான் நின்றன, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு காரும் ஒரு அடுப்பு மாதிரி சூட்டை வெளியே கக்கியது, நடைபாதையில் நிற்கிறவர்கள் முழங்காலில் அந்த அனல் வந்து மோதியது. பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரில் ஓர் அம்மாள், பச்சைப் புடவை, கண்ணாடிக்குள்ளிருந்து ஜெயலட்சுமியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். ஜெயலட்சுமியும் சிரித்தாள். கோபப்பட என்ன இருக்கிறது, ஸ்ரீகண்டன் இங்கே இருந்திருந்தால் நானும் இப்படித்தான் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன், எனக்காக இல்லாவிட்டாலும் அவள் வருகிறபோது வண்டி சில்லென்று இருக்க வேண்டும் என்பதற்காகவாவது. அவர் இருந்தால்தானே, பரீட்சை மணி அடித்தவுடன் போன் வந்துவிட்டது, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஜெனரேட்டர் படுத்துவிட்டதாம், அந்தப் பக்கம் முழுக்கக் கரண்ட் இல்லையாம். "முடியறதுக்குள்ள வந்துடறேன் ஜெயா" என்று காரை எடுத்துக்கொண்டு போனார். வெயில் ஏறினால் எல்லாரும் ஏசி போடுகிறார்கள், ஏசி போட்டால் கரண்ட் போகிறது, கரண்ட் போனால் டீசல் புகைகிறது, டீசல் புகைந்தால்தான் நம் வீட்டில் சோறு, அந்தச் சோற்றில்தான் பிள்ளைக்கு ஏசி... எங்கே தொடங்கி எங்கே முடிகிறது இது?

இதைத்தானே அவள் சொன்னாள், போன மாதம், சாப்பிட உட்கார்ந்தபோது. அப்பா, நிலக்கரி, டீசல், பெட்ரோல் எல்லாம் எரியற புகை போர்வை மாதிரி பூமியைச் சுத்திப் போர்த்திக்குதாம், உள்ள வந்த சூடு வெளிய போக முடியலையாம், பனிமலையெல்லாம் உருகுதாம். புத்தகத்தில் படித்ததை அப்படியே ஆசையாகச் சொன்னாள், எதையும் குத்திக் காட்டவில்லை. ஸ்ரீகண்டன்தான் தட்டைப் பார்த்தபடியே, "அப்ப நாளையிலேர்ந்து நான் வேலைக்குப் போகல. உன் ரூம் ஏசியையும் கழட்டிடலாமா?" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். குரல் விளையாட்டாக இல்லை. தர்ஷினி ரசம் ஊற்றிக்கொண்டாள். ஜெயலட்சுமிதான் பேச்சை மாற்ற, இங்கே இப்படிச் சூடானால் குன்னூர் பக்கம் போய்விடலாம், அங்கே இன்னும் ஸ்வெட்டர் போடுகிறார்களாம் என்றாள். "நம்ம ஊர் மட்டும் இல்லம்மா, உலகம் பூரா சூடாகுது. குன்னூரும் உலகத்துலதான இருக்கு?" என்று சிரித்தாள் பெண். எப்படிச் சிரிக்க முடிகிறது இதற்கு? பன்னிரண்டு வருஷமாக ஜெயலட்சுமி மனதுக்குள் ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தாள், இந்த ஊரும் சரிப்படாவிட்டால் அடுத்த ஊர், அதுவும் இல்லையென்றால் அதற்கு மேலே இருக்கிற ஊர் என்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு பிள்ளை அந்தக் கதவைச் சிரித்தபடியே சாத்திவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் ஏசி ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. கரண்ட் இருந்தது, டிவி ஓடியது, தர்ஷினி அறையில் இல்லை. பதறிப்போய்த் தேடினால் குளியலறையில் இருந்தாள், முக்காலி போட்டு உட்கார்ந்து, ரெண்டு காலையும் வாளித் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, தலையில் ஈரத்துணி, மடியில் கெமிஸ்ட்ரி புத்தகம், பக்கமெல்லாம் நனைந்து சுருண்டு... என்னடி இது? "தாத்தா சமைச்சிட்டிருக்காரும்மா" என்றாள். புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏசியின் வெளிப்பெட்டி பின்பக்கச் சுவரில் இருக்கிறது, அதற்கு நேரே கீழே கோவிந்தப்பாவின் சமையலறை ஜன்னல், மனைவி போனதிலிருந்து அவரே களி கிண்டிச் சாப்பிடுகிறவர். பெட்டியின் சூடு மொத்தமும் அந்தச் சந்துக்குள் இறங்கி அவர் ஜன்னல் வழியாக உள்ளே போகிறது. எத்தனை வருஷமாகப் போகிறதோ! ஜெயலட்சுமி இறங்கிப் போய் அவரிடம் கேட்டதற்குத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "பேடம்மா, அதெல்லாம் மனசுல வெச்சுக்காதே, கிடக்கி மூடிட்டா ஆச்சு. மகு நல்லா இருந்தா சாக்கு." பிள்ளை நல்லா இருந்தால் போதுமாம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு அடுப்பெரித்திருக்கிறார் மனுஷன். கம்பளி இருக்கா என்று கேட்டுச் சிரித்தவர், இப்போது ஃபேன் மாட்டியிருக்கிறார், மேஜைமேல் இன்னொன்று வைத்திருக்கிறார். அந்தப் பெட்டியை வேறு பக்கம் மாட்டலாம் என்று ஸ்ரீகண்டன் பார்த்தார், எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு வீட்டு ஜன்னல் வந்தது, கடைசியில் மாடிக்குமேல் ஏற்றினார்கள். அங்கிருந்து வானத்தைப் பார்த்து ஊதுகிறது. வானம் யாருடைய ஜன்னல் என்று தர்ஷினி கேட்பாளோ என்று ஜெயலட்சுமிக்குப் பயமாக இருந்தது. அவள் கேட்கவில்லை.

தெருவில் ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் ஜெராக்ஸ் கடை வாசலில், பிறகு மருந்துக்கடையில், பிறகு மூலையில் இருந்த பேக்கரியில்... அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா, அதோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். ஜெனரேட்டர். கரண்ட் போய்விட்டது. ஜெயலட்சுமி தலையை வெடுக்கென்று தூக்கி மாடியைப் பார்த்தாள், இடப்பக்கம் மூன்றாவது ஜன்னல், விசிறியின் இறக்கை மெதுவாகி, மெதுவாகி, ஒன்று ரெண்டு மூன்று என்று எண்ணும்படி தனித்தனியாகத் தெரிந்து, நின்றது. காலேஜுக்கு ஜெனரேட்டர் இல்லையா? இருக்கும், இப்போது போடுவார்கள், இதோ... போடவில்லை. அறையில் எத்தனை பிள்ளைகள், எத்தனை மூச்சு, மேலே தளம் கொதித்துக்கொண்டிருக்கும், துண்டு காய்ந்திருக்கும், ஜாக்கெட்டைக் கழற்றினால் ஈரச் சுடிதார் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று கழற்ற மாட்டாள், பதினேழு வயது, வெட்கம் வந்த வயது, முதலில் காது சிவக்கும், பிறகு கன்னம், அதற்கப்புறம் கேள்விக்குப் பதில் தப்பாகச் சொல்லுவாள், பெயர் கேட்டால் யோசிப்பாள்... ஜெயலட்சுமியின் கால் தானாகத் தெருவைக் கடந்தது. கேட்டில் காவல்காரர் கையை நீட்டினார். "என் பொண்ணு... உடம்பு சரியில்லாத பொண்ணு... கொஞ்சம் தண்ணி மட்டும்..." அவர் நல்ல மனுஷன்தான், "யாரையாவது போய்ச் சொல்லச் சொல்லட்டுமாம்மா, பேரு என்ன?" என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள்.

சத்தியம் பண்ணும்மா என்று கேட்டது தர்ஷினியின் குரல். காலையில், தலை வாரிக்கொண்டிருந்தபோது. என்ன ஆனாலும் உள்ள வரக்கூடாது. சத்தியம் பண்ணு. ஏழாம் வகுப்பில் ஒருதரம் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் தண்ணீர் வரவில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஜெயலட்சுமி ஒரு குடம் நிறைய எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய், பாடம் நடக்கிற வகுப்புக்குள் நுழைந்து, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கப் பார்க்க அவள் தலையில் ஊற்றினாள். வகுப்பே சிரித்தது. தர்ஷினி சொட்டச் சொட்ட நின்றாள், வீட்டில் ஒரு வாரம் அம்மா என்று கூப்பிடவே இல்லை. உயிரைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் இவள். அவளோ அன்றைக்கு எதை இழந்தாளோ... காவல்காரர் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரு என்னம்மா?" சொன்னால் என்ன, ஒரு வார்த்தைதானே, உள்ளே ஆள் போய் அத்தனை பேர் முன்னால் தர்ஷினி யாரு, உங்க அம்மா தண்ணி குடுக்கணுமாம் என்று... சொல்லாவிட்டால்? சொல்லாமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? எந்தக் கையை வெட்டிக்கொள்வது? "ஒண்ணும் இல்லைங்க" என்றாள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. திரும்பி வந்து சிமெண்டுத் திட்டின் அருகே நின்றாள், தண்ணீர்ப் பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு. அந்தத் தண்ணீரை அவள் குடிக்கவில்லை, அது அவளுக்கு உரியது இல்லை.

சூடு காலிலிருந்து ஏறியதா, மார்பிலிருந்து கிளம்பியதா... ஒரு வருஷமாக அவளுக்கு இப்படித்தான், திடீரென்று உள்ளேயிருந்து ஒரு தீ எழும்பிக் கழுத்து வழியாகக் காதுவரை ஓடும், புடவை நனைந்துபோகும். வயசு அப்படி, நின்றுபோகிற நேரம் என்றாள் லேடி டாக்டர். வெளியே எரிகிறதா உள்ளே எரிகிறதா என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை, ஊருக்கும் தனக்கும் ஒரே சமயத்தில் என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறது. வேர்வை மட்டும் ஆறாகக் கொட்டுகிறது. மகளுக்கு வேண்டிய வேர்வையெல்லாம் தனக்கே வந்து சேர்ந்துவிட்டது போல, இதில் ஒரு பங்கை, ஒரு கைப்பிடியை, அந்தப் பிள்ளையின் முதுகில் பூசிவிட முடிந்தால்... வானத்தில் ஒரு கிழிசல் மேகம் இல்லை. முன்பெல்லாம் மே மாதம் என்றால் சாயங்காலம் கோடை மழை வந்து நிற்கும், துணியை எடுக்க மாடிக்கு ஓடுவோம், நானும் கோவிந்தப்பா மனைவியும், அந்த அம்மாள் ஓடிக்கொண்டே சிரிப்பாள்... வெள்ளைக் காரின் எஞ்சின் உறுமியது. பச்சைப் புடவை. சிமெண்டுத் திட்டு. கேட். எல்லாம் தண்ணீருக்குள் இருக்கிற மாதிரி நெளிந்தன, மணி அடித்த மாதிரி இருந்தது, பிள்ளைகள் வருகிறார்கள், நீலம் எங்கே, நீல ஜாக்கெட், நீலம்...

"அம்மா! அம்மா, இங்க பாரு, என்னைப் பாரு."

உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள்? திட்டின்மேல், முதுகுக்குப் பின்னால் யாரோ தாங்கிப் பிடித்திருந்தார்கள், பச்சைப் புடவையாக இருக்கலாம். எதிரே மண்டியிட்டிருந்தது தர்ஷினி. ஜாக்கெட் மேலே இல்லை, இடுப்பில் கட்டியிருந்தாள். முதுகுத் துண்டை உருவியெடுத்துப் பாட்டில் தண்ணீர் முழுவதையும் அதில் ஊற்றிக்கொண்டிருந்தாள். "உனக்கு... உனக்கு வெச்சிருந்தது..." "சும்மா இரு." முதலில் பிடரி. பிறகு ரெண்டு மணிக்கட்டின் உள்பக்கம். பிறகு முழங்கை மடிப்பு. புடவையை லேசாக ஒதுக்கி முழங்காலின் பின்பக்கம். திரும்பவும் பிடரி. துண்டை ஒற்றி ஒற்றி எடுக்கிறாள், தேய்ப்பதில்லை, தேய்த்தால் சூடு என்று இவளுக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஜெயலட்சுமி யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அது ஜெயலட்சுமிக்கு மட்டுமே தெரிந்த வரிசை, வேலூரில் அண்டாப் பக்கத்தில் உட்கார்ந்து தானாகக் கண்டுபிடித்தது. பேசாமல் கிடந்த குழந்தை எல்லாவற்றையும் தோலாலேயே கற்றுக்கொண்டிருக்கிறது.

"கரண்ட் போச்சே, தர்ஷினி..."

"தெரியும்மா. நான்தான அங்க இருந்தேன்." சிரித்தாள். "மேடத்துக்கிட்ட போய் எனக்கு வேர்க்காதுன்னு சொன்னேன். வராண்டாவுல பெஞ்சு போட்டாங்க. ஜாக்கெட்டையும் கழட்டிட்டேன். எல்லாரும் பார்த்தாங்க, பார்க்கட்டும்னு விட்டுட்டேன். நல்லா எழுதியிருக்கேன். ஒண்ணு ரெண்டு டவுட்டு."

எனக்கு வேர்க்காது. பதினேழு வருஷமாக அந்த வார்த்தையை மூடி மூடி வைத்தார்கள், கல்யாணம் ஆக வேண்டுமே என்று, அவள் முன்பின் தெரியாத ஒரு மேடத்திடம் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஜெயலட்சுமி நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள், அப்போதுதான் கவனித்தாள், காது சிவந்திருந்தது. கன்னம் சிவக்கத் தொடங்கியிருந்தது. பாட்டில் காலி. ஸ்ரீகண்டனின் கார் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இல்லை. "என்னை விடு, நீ முதல்ல நிழலுக்குப் போடி" என்று எழப் பார்த்தாள், கால் எழவில்லை. "ரெண்டு பேரும் என் வண்டிக்கு வாங்க, ஏசி போட்டே இருக்கு" என்றாள் பச்சைப் புடவைக்காரி, சொல்லிவிட்டு ஓடிப்போய் ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வந்தாள், ஐஸ் தண்ணீர், வெளியே முத்து முத்தாகப் பூத்திருந்தது. "தேங்க்ஸ் ஆன்ட்டி, அம்மா நிக்கற மாதிரி ஆனதும் வர்றோம்." தர்ஷினி துண்டை நனைத்தாள். பிழியவில்லை. திட்டில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, ஒரு பாதியை அவள் பிடரியிலும் மறு பாதியைத் தன் பிடரியிலும் வருகிற மாதிரிச் சேர்த்துப் போர்த்தினாள். தண்ணீர் ரெண்டு முதுகிலும் இறங்கியது. சற்றுத் தூரத்தில் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன, வெள்ளைக் கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ ஒரு பையன் பக்கத்தில் நின்று நெற்றி வேர்வையைச் சுண்டியெறிந்துவிட்டு, "என்ன வெயில்டா சாமி" என்றான்.

மகளின் தோள் இவள் தோளில் ஒட்டியிருந்தது, மெதுவாக ஆறிக்கொண்டிருந்தது. ஜெயலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். இந்தப் பிள்ளையை எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவது என்பதைத் தவிர இத்தனை வருஷத்தில் வேறு எதையும் யோசித்ததில்லையே என்று தோன்றியது... வேலூரிலிருந்து எடுத்து வந்து இறக்கிவிட்டோம், இங்கிருந்து எங்கே என்று அது மட்டுமே. இன்னும் கொஞ்ச வருஷத்தில் தனக்கு வயசாகிவிடும், கோவிந்தப்பாவுக்கு ஆன மாதிரி. அப்போது வெயில் இன்னும் எவ்வளவு ஏறியிருக்குமோ. அன்றைக்கு இந்தக் கை, ஒற்றி ஒற்றி எடுக்கிற இந்தக் கை, இந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரைத் தேடிப் போகும்?

"என்னம்மா யோசிக்கறே?"

"ஒண்ணும் இல்ல" என்றாள். துண்டு நழுவாமல் இருக்கட்டும் என்று அதன் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு நுனியை தர்ஷினி பிடித்திருந்தாள்.